ஆஷ்விட்சில் எந்தப் பாடலைப் பாடுவது?

நம் பங்கிலிருந்து ஒரு சிறு குழுவினர் போலந்து நாட்டுக்குத் திருப்பயணம் புறப்பட ஆயத்தமானார்கள். செஸ்டகோவாவின் கறுப்பு அன்னை, கிரக்கோவ் நகரின் இறை இரக்கத் திருத்தலம், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பிறந்த வாடோவிச் என்று பயணத் திட்டம் நன்றாகவே அமைந்திருந்தது. ஆசீர் பெற வந்த அன்று, மரியாயின் சேனையில் பல்லாண்டு உழைத்த மூதாட்டி ஒருவர் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை நம்முன் விரித்தார். ஒவ்வொரு தலத்தின் பெயருக்கும் கீழே, அங்கே பாட வேண்டிய பாடல் எழுதப்பட்டிருந்தது. ஒரேயொரு பெயருக்குக் கீழே மட்டும் இடம் காலியாக இருந்தது.

“மத்த எடத்துக்கெல்லாம் பாட்டு எழுதி வெச்சாச்சு சாமி. கோல்பே சாமி உயிர் விட்ட எடத்துக்குத்தான் எந்தப் பாட்டுன்னு தெரியல. நீங்க சொல்லுங்க.”

பயணத்தாளை வாங்கிப் பார்த்தோம். காலை, ஆஷ்விட்ஸ், பிற்பகல், வியெலிச்கா உப்புச் சுரங்கம், மாலை, திருப்பலி. “ஒரு வாரம் பொறுங்கள் அம்மா, சொல்கிறோம்” என்று விடை கொடுத்தோம். ஒரு வாரத்தில் அடங்கும் கேள்வியாக அது இருக்கவில்லை. முன்பு வாசித்த இரு நூல்களை மீண்டும் எடுத்து வாசித்தோம். வாசிக்க வாசிக்க, அந்த மூதாட்டியின் நோட்டில் இருந்த வெற்றிடம் நம் மறையுரைகளிலும் வெகு காலமாக இருந்துவந்த வெற்றிடம் என்று புரிந்தது. இக்கட்டுரை அவருக்கு நாம் கொடுத்த பதிலின் விரிவு.

பெயரும் எண்ணும்

ஆஷ்விட்ஸ் என்பது ஜெர்மானியர் இட்ட பெயர். போலந்து மக்கள் அவ்வூரை ஒஷ்வியென்சிம் என்பர். நாஜிகள் 1940இல் அங்கு வதைமுகாம் அமைத்தபோது, முதலில் கொண்டுவரப்பட்டவர்கள் போலந்து அரசியல் கைதிகள். பின்னர் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் பிர்கெனாவ் முகாம் எழுந்தது. 1942 முதல் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் யூதர்கள் சரக்கு ரயில்களில் அங்கு கொண்டுவரப்பட்டு நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். 1945 ஜனவரி 27ஆம் நாள் சோவியத் படை அங்கு நுழைந்தபோது உயிரோடு எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 7,000 பேர். அம்முகாம்களில் மாண்டவர்கள் ஏறத்தாழ 11 லட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள். போலந்தியர் 70,000க்கு மேற்பட்டோர், ரோமா இனத்தவர் ஏறத்தாழ 21,000 பேர், சோவியத் போர்க்கைதிகள் ஏறத்தாழ 15,000 பேர்.

இந்த எண்களைப் பயணத்திற்குமுன் மனத்தில் பதித்துக்கொள்வது அவசியம். ஏனெனில் அவ்விடத்திலேயே ஒரு மறதி பல ஆண்டுகள் உலோகத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. பிர்கெனாவ் நினைவுச்சின்னத்தின் பழைய பலகைகள் அங்கு 40 லட்சம் பேர் மாண்டதாகக் கூறின. அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் என்பதைக் கூறவில்லை. 1990இல் அப்பலகைகள் அகற்றப்பட்டன. எண்ணை மிகைப்படுத்தியதைவிட, கொல்லப்பட்டவர் யார் என்பதை விழுங்கிவிட்டது பெரிய பிழை. யூதராகப் பிறந்த ஒரே காரணத்திற்காகக் கொல்லப்பட்டவரை, பொதுவாக ‘மனிதர்’ என்று மட்டும் குறிப்பிடுவதும் ஒருவகை அழிப்பே.

‘ஹோலோகாஸ்ட்’ என்னும் சொல்லையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். அது கிரேக்க மூலமுடைய சொல். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், பலிபீடத்தில் முழுவதும் எரித்து இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கும் எரிபலியைக் குறிக்க வந்தது. பலி என்றால் ஒப்புக்கொடுப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். ஏற்றுக்கொள்பவர் ஒருவர் இருக்க வேண்டும். பிர்கெனாவின் உலைகளில் யார் ஒப்புக்கொடுத்தார்? யாருக்கு? இந்த நெருடலால்தான் யூதர் பலர் அச்சொல்லைத் தவிர்த்து, பேரழிவு என்று பொருள்படும் ‘ஷோவா’ என்னும் எபிரேயச் சொல்லை ஆள்கின்றனர். திருச்சபையும் 1998 மார்ச் மாதம் வெளியிட்ட ஆவணத்தில் அச்சொல்லையே ஆண்டது. ‘பலி’ என்னும் சொல் அருள்பணியாளர்களாகிய நம் நாவில் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. அங்கு செல்லுமுன் நாம் அடக்கிக்கொள்ள வேண்டிய முதல் சொல் அதுவே.

வேதியியலாளரின் சாட்சியம்

நாம் எடுத்து வாசித்த முதல் நூல் பிரீமோ லேவி எழுதிய ‘இவன் மனிதன்தானா’ என்னும் பொருள் தரும் தலைப்புடைய இத்தாலிய நூல். லேவி 1919இல் தூரின் நகரில் பிறந்த யூதர், தொழிலால் வேதியியலாளர். 1943 டிசம்பரில் பிடிபட்டு, 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்சுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவருடன் ரயிலில் சென்றவர்கள் 650 பேர். அவர்களுள் வேலைக்கென முகாம்களில் சேர்க்கப்பட்டவர்கள் 96 ஆண்களும் 29 பெண்களும் மட்டுமே. ஏனைய ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் இரண்டு நாள்களுக்குப்பின் உயிரோடில்லை.

1947இல் இந்நூல் ஒரு சிறிய பதிப்பகத்தின் வழியே 2,500 படிகள் அளவில் வெளிவந்தது. பெரிய பதிப்பகம் ஒன்று முன்னதாக அதை மறுத்திருந்தது. அதே பதிப்பகம் 1958இல் அதை வெளியிட்ட பிறகே உலகம் அதைக் கவனித்தது. போர் முடிந்த இரண்டாம் ஆண்டில் எவரும் கேட்க விரும்பாத குரலாக அது இருந்தது என்பதே நமக்கு ஒரு பாடம்.

லேவியின் நடை வாசகரின் கண்ணீரை எதிர்பார்ப்பதில்லை. ரொட்டித் துண்டின் கனம், காலுக்குப் பொருந்தாத மரச்செருப்பு, கரண்டி இல்லாமல் உண்ணும் இழிவு, வரிசையில் நிற்கும் மணிநேரங்கள் ஆகியவற்றைச் சோதனைச்சாலைக் குறிப்பைப்போல் பதிவு செய்கிறார். தொடக்கத்தில் இந்நடை குளிர்ந்ததாகத் தோன்றும். சில அத்தியாயங்கள் சென்றபின், குளிர்ச்சி என்று நாம் கருதியது ஒரு நீதிமன்றச் சாட்சியின் கட்டுப்பாடு என்று தெரிகிறது. வெறுப்பை உமிழாததால்தான் அவர் சொல்லும் எதையும் நம்மால் தள்ளிவிட முடிவதில்லை.

அந்நூலில் ஓர் இரவைப் பற்றிய பகுதி உண்டு. 1944 அக்டோபர். நச்சுவாயு அறைக்குச் செல்ல வேண்டியவர்களைப் பிரித்தெடுக்கும் ‘தேர்வு’ அன்று முடிந்திருக்கிறது. கூன் என்னும் முதியவர் தம் படுக்கையில் அமர்ந்து, உடலை அசைத்தபடி உரத்த குரலில் மன்றாடுகிறார். தாம் தேர்வு செய்யப்படாததற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறார். அடுத்த படுக்கையில் இருபது வயதுக் கிரேக்க இளைஞன் ஒருவன், இரண்டு நாளில் தான் கொல்லப்படப் போவதை அறிந்தவனாய், விளக்கை வெறித்தபடி ஒன்றும் பேசாமல் கிடக்கிறான். லேவி இங்கு மட்டும் தம் கட்டுப்பாட்டை இழக்கிறார். தாம் கடவுளாக இருந்தால் அந்த மன்றாட்டின்மீது காறி உமிழ்ந்திருப்பேன் என்ற கருத்தை எழுதிவிடுகிறார்.

இந்த இடத்தை முதன்முறை வாசித்தபோது இறைநிந்தனை என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டினோம். இம்முறை அவ்வாறு புரட்ட முடியவில்லை. ‘ஆபத்திலிருந்து என்னைக் காத்தீர், நன்றி’ என்று விபத்திலிருந்து தப்பியவர் கொடுக்கும் நன்றித் திருப்பலியை நாம் எத்தனையோ முறை நிறைவேற்றியிருக்கிறோம். அதே விபத்தில் மாண்டவரின் தாய் அதே கோவிலின் பின்வரிசையில் அமர்ந்திருந்ததையும் கண்டிருக்கிறோம். அவர் காதில் நம் நன்றி மன்றாட்டு எவ்வாறு விழுந்திருக்கும் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. தான் மற்றவரைப் போல் இல்லாததற்காக நன்றி கூறிய பரிசேயரின் மன்றாட்டை ஆண்டவர் ஏற்கவில்லை என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. லேவியின் சினம் அந்த உவமையிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

லேவி மன்றாட்டைப் புறத்தேயிருந்து மட்டும் சாடவில்லை. 1986இல் வெளியிட்ட தம் இறுதி நூல்களுள் ஒன்றில், அதே அக்டோபரில் தேர்வுக்குழுவின்முன் நின்றபோது தமக்கும் மன்றாடும் ஆசை எழுந்ததென்றும், அதைத் தாம் அடக்கிக்கொண்டதாகவும் ஒப்புக்கொள்கிறார். நம்பாதவன் தேவைக்காக மட்டும் மன்றாடுவது நேர்மையன்று என்று அவர் கருதினார். விடுதலைக்குப்பின் நண்பர் ஒருவர், நீ பிழைத்தது இறைப் பராமரிப்பின் செயல் என்று கூறியபோது, அக்கருத்து தமக்குக் கொடூரமாகப் பட்டதென்றும் எழுதுகிறார். அவ்வாறாயின் மற்றவர்களை இறைவன் பராமரிக்கவில்லையா? குருமடத்தில் இறைப் பராமரிப்பைப் பற்றிப் பல பக்கங்கள் படித்த நமக்கு, இந்த ஒரு கேள்விக்கு அந்தப் பக்கங்களில் விடை கிடைக்கவில்லை.

ஆயினும் அந்நூலில் வெளிச்சம் அறவே இல்லை என்று கூற முடியாது. லொரென்சோ என்னும் இத்தாலியக் கொத்தனார் ஒருவர், கைதி அல்லாத கூலித் தொழிலாளியாக அங்கு வேலை செய்தார். ஆறு மாத காலம் ஒவ்வொரு நாளும் தம் உணவில் ஒரு பங்கை லேவிக்குக் கொணர்ந்து கொடுத்தார். கைம்மாறு எதுவும் ஏற்க மறுத்தார். தானும் ஒரு மனிதன் என்பதை மறவாதிருக்க உதவியவர் அவரே என்று லேவி எழுதுகிறார். பின்னாளில் தம் இரு பிள்ளைகளுக்கும் லொரென்சோவின் நினைவு விளங்கும்படி பெயரிட்டார். ஒரே நூலில் ஒரு முதியவரின் நன்றி மன்றாட்டும் ஒரு கொத்தனாரின் சூப்புக் கிண்ணமும் இடம்பெற்றுள்ளன. எது இறைவனுக்கு ஏற்புடையது என்பதை லேவி கூறவில்லை, வாசகரிடம் விட்டுவிடுகிறார்.

தூக்குமரமும் மறையுரையும்

இரண்டாம் நூல் எலீ வீசல் எழுதிய ‘இரவு’. ருமேனியாவின் சிகெட் ஊரைச் சேர்ந்த அவர், பதினைந்து வயதில் 1944 மே மாதம் ஆஷ்விட்சுக்குக் கொண்டு செல்லப்பட்டார். தாயையும் கடைசித் தங்கையையும் வந்த இரவே இழந்தார். தந்தையைப் பின்னர் புக்கன்வால்ட் முகாமில் இழந்தார். 1958இல் பிரெஞ்சு மொழியில் வெளியான இச்சிறு நூலுக்கு முன்னுரை எழுதியவர் கத்தோலிக்க நாவலாசிரியர் பிரான்சுவா மோரியாக்.

இந்நூலின் ஒரு காட்சியை மறையுரைகளில் கேட்காத கத்தோலிக்கர் குறைவு. மூவர் தூக்கிலிடப்படுகின்றனர், ஒருவன் சிறுவன். உடல் எடை குறைவானதால் அவன் உயிர் எளிதில் பிரியவில்லை. வரிசையில் நின்ற ஒருவர், இப்போது கடவுள் எங்கே என்று கேட்கிறார். அவர் அந்தத் தூக்குமரத்தில்தான் தொங்குகிறார் என்று கதைசொல்லியின் உள்ளத்தில் ஒரு குரல் பதிலளிக்கிறது.

ஜெர்மானிய இறையியலாளர் யுர்கன் மோல்ட்மன் 1972இல் வெளியிட்ட ‘சிலுவையில் அறையப்பட்ட கடவுள்’ என்னும் நூலில் இக்காட்சியை எடுத்தாண்டார். அதன்பின் அது உலகெங்கும் மறையுரைகளுக்குள் நுழைந்தது. நாமும் ஒரு புனித வெள்ளியன்று அதை எடுத்துரைத்து, சிறுவனைச் சிலுவையோடு இணைத்து, மூன்றாம் நாள் உயிர்ப்போடு முடித்தோம். மக்கள் கண் கலங்கினர். நல்ல மறையுரை என்று பெயரும் கிடைத்தது.

இப்போது அதே பக்கத்தை மீண்டும் வாசிக்கையில் வெட்கம் மேலிடுகிறது. ஏனெனில் வீசலின் காட்சி தூக்குமரத்தோடு முடியவில்லை. அடுத்து, அன்றிரவு உண்ட சூப்பைப் பற்றி ஒரே ஒரு வரி வருகிறது. அதில் பிணத்தின் சுவையைத் தவிர வேறொன்றும் இல்லை. மறையுரையாளர்கள் அந்த வரியை விட்டுவிடுகிறோம். அதை விட்டுவிட்டால்தான் சிறுவன் கிறிஸ்துவாக முடியும். அந்தச் சிறுவன் யூதச் சூழலில், யூத எழுத்தாளரின் நினைவில், தன் பெயரிலேயே மாண்டவன். அந்த எழுத்தாளரோ அக்காட்சியில் தம் நம்பிக்கையின் சாவைக் கண்டவர். அவர் இழப்பை நம் நம்பிக்கைக்குச் சான்றாக மாற்ற நமக்கு உரிமை கொடுத்தவர் யார்?

மோரியாக் இவ்வகையில் நம்மைவிட எச்சரிக்கையானவர். இளம் செய்தியாளராக வீசல் தம்மைச் சந்தித்த நாளை முன்னுரையில் நினைவுகூரும் அவர், சிலுவையைப் பற்றித் தம் உள்ளத்தில் எழுந்தவற்றை அந்த இளைஞரிடம் கூற முடியாமல், கண்ணீரோடு தழுவிக்கொள்ள மட்டுமே முடிந்தது என்று எழுதுகிறார். இதிலும் ஒரு குறை காணலாம்: நேரில் கூறத் தயங்கியதை முன்னுரையில் வாசகருக்குக் கூறிவிட்டார். எனினும் சொல்லைவிடத் தழுவலைத் தேர்ந்த அந்த முதிய எழுத்தாளரின் தயக்கம் நமக்கு வழிகாட்டி.

இவ்விரு நூல்களில் எதை முதலில் வாசிப்பது என்று கேட்போருக்கு, லேவியை முதலில் வாசியுங்கள் என்போம். வீசலின் நூல் சுடுகிறது; சுடுவதாலேயே நம் பக்தி உணர்ச்சியோடு எளிதில் உருகிக் கலந்துவிடுகிறது. லேவியின் நூல் அவ்வாறு உருக மறுக்கிறது. அங்கு செல்பவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த மறுப்பு.

நம் புனிதர்களை எவ்வாறு நினைப்பது?

அப்படியானால் புனித மாக்ஸிமிலியன் கோல்பேயை மறந்துவிடுவதா என்று கேட்கலாம். மறக்க வேண்டியதில்லை, அவரைச் சரியான இடத்தில் வைத்து நினைக்க வேண்டும்.

1941 ஜூலை இறுதியில் கைதி ஒருவர் தப்பிவிட்டதாகக் கருதப்பட்டதால், பத்துப் பேர் பட்டினிச் சாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான பிரான்சிஷெக் கயோவ்னிச்செக் தம் மனைவி மக்களை நினைத்துக் கதறியபோது, 16670 என்னும் எண் தாங்கிய கைதி வரிசையை விட்டு முன்வந்தார். யார் நீ என்று கேட்ட அதிகாரியிடம், கத்தோலிக்கக் குரு என்றார். 11ஆம் கட்டடத்தின் நிலவறையில் இரண்டு வாரம் உயிர் தாங்கி, ஆகஸ்ட் 14ஆம் நாள் நச்சு ஊசியால் கொல்லப்பட்டார். அவரால் பிழைத்தவர் 1995 வரை வாழ்ந்தார். 1982 அக்டோபர் 10ஆம் நாள் உரோமையில் நடந்த புனிதர் பட்ட விழாவிலும் பங்கேற்றார். சிறுவயதில் அச்செய்தியைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்தவர்கள் நாம்.

ஆனால் காலத்தைக் கவனியுங்கள். கோல்பே இறந்தது 1941இல். பிர்கெனாவின் நச்சுவாயு அறைகள் இயங்கத் தொடங்கியது அதன் பிறகு. கோல்பேயிடம் யார் நீ என்று கேட்க ஒருவர் இருந்தார். அவருக்கு முன்வரவும் பின்தங்கவும் இயன்றது. 1944 கோடையில் ஹங்கேரியிலிருந்து சில வாரங்களுக்குள் கொண்டுவரப்பட்ட நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட யூதர்களில், கைக்குழந்தையோடு ரயிலைவிட்டு இறங்கிய ஒரு தாயிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. அவருக்குப் பதிலாக ஒருவர் முன்வந்திருந்தாலும், இருவரும் கொல்லப்பட்டிருப்பர். ஈகம் செய்யும் வாய்ப்பே பறிக்கப்பட்ட இடத்தில், ஈகத்தின் கதையை மட்டும் கூறிவிட்டுத் திரும்பினால், அத்தாயின் கதை இரண்டாம் முறை மறைக்கப்படுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். போருக்கு முன் கோல்பேயின் நியெபொகலானோவ் மடத்திலிருந்து வெளிவந்த நாளிதழில் யூதர்மீது பகைமை கொண்ட எழுத்துகள் இடம்பெற்றன. போர் மூண்டபின் அதே மடம் வீடிழந்த பலருக்குப் புகலிடம் அளித்தது. அவர்களில் யூதர்களும் இருந்தனர். இரண்டும் உண்மை. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைத்தால் புனிதருக்கு நாம் செய்வது மரியாதையன்று.

எடித் ஸ்டெய்னின் வாழ்வு இதை மேலும் கூர்மையாக்குகிறது. யூதக் குடும்பத்தில் பிறந்து, மெய்யியல் கற்று, 1922இல் திருமுழுக்குப் பெற்று, 1933இல் கார்மேல் மடம் புகுந்தவர். அவ்வாண்டே திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதருக்குக் கடிதம் எழுதி, யூதர்மீதான கொடுமைக்கு எதிராகத் திருச்சபை பேச வேண்டும் என்று வேண்டினார். 1942இல் நெதர்லாந்து ஆயர்கள் யூதர் நாடுகடத்தப்படுவதைக் கண்டித்துக் கோவில்களில் மடல் வாசிக்கச் செய்தனர். அதற்குப் பழிவாங்க நாஜிகள் யூதப் பிறப்புடைய கத்தோலிக்கர்களைக் கைது செய்தனர். ஆகஸ்ட் 9ஆம் நாள் எடித்தும் அவருடைய சகோதரி ரோசாவும் பிர்கெனாவில் கொல்லப்பட்டனர். நாம் அவரை மறைச்சாட்சி என்று போற்றுகிறோம். அவரைக் கொன்றவர்கள் பார்த்தது அவர் அணிந்த துறவாடையை அன்று. அவருடைய யூதப் பிறப்பை. 1998இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது யூதர் பலர் வருந்தியதற்குக் காரணம் இதுவே.

நல்லெண்ணமும் காயப்படுத்தக்கூடும் என்பதை அந்த மண்ணிலேயே திருச்சபை கற்றது. 1984இல் முகாம் எல்லையை ஒட்டி, முன்பு நச்சுவாயுக் கலன்கள் சேமிக்கப்பட்டிருந்த கட்டடத்தில் கார்மேல் சகோதரிகள் சிலர் மடம் அமைத்தனர். மாண்டவர்களுக்காக மன்றாடுவதே அவர்கள் நோக்கம். தம் மக்களின் மாபெரும் கல்லறைமீது மற்றொரு சமயத்தின் அடையாளம் எழுவதாக யூதர் வேதனைப்பட்டனர். 1987இல் ஜெனீவாவில் உடன்பாடு ஏற்பட்டும் இழுபறி நீடித்தது. இறுதியில் திருத்தந்தையே கடிதம் எழுதிய பிறகு, 1993இல் சகோதரிகள் வேறிடம் சென்றனர். 1998இல் அருகிலிருந்த பெரிய சிலுவையைச் சுற்றிச் சிலர் நூற்றுக்கணக்கான சிறு சிலுவைகளை நட்டனர். அவை 1999இல் அகற்றப்பட்டன. சிலுவையை அகற்றுவதா என்று நம்மில் சிலர் கொதிக்கக்கூடும். நமக்கு மீட்பின் அடையாளமான சிலுவை, புனித வெள்ளிதோறும் ‘கிறிஸ்துவைக் கொன்றவர்கள்’ என்று தாக்கப்பட்ட ஒரு மக்களுக்கு எதன் அடையாளமாகத் தோன்றும் என்று எண்ணிப் பார்த்தால் அக்கொதிப்பு தணியும்.

அந்தத் தாக்குதலின் வேர் நமக்கு முற்றிலும் அயலானதன்று. புனித வெள்ளி வழிபாட்டில் யூதரைக் குறித்து நம்பிக்கையற்றோர் என்னும் கருத்தில் வழங்கிய இலத்தீன் அடைமொழியைத் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1959இல்தான் நீக்கினார். கிறிஸ்துவின் சாவுக்கு அன்றைய யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ பொறுப்பாக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் போதித்தது. இருந்தும் நம் ஊர்ப் பாஸ்கா மேடைகளில் யூதன் என்றால் கொக்கரித்துச் சிரிப்பவன், காசுப்பையைக் குலுக்குபவன் என்ற வேடம் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அம்மேடையில் அன்னை மரியாவும் யூதப் பெண்ணே என்பது எவர் நினைவுக்கும் வருவதில்லை. போலந்துப் பயணத்திற்கான ஆயத்தத்தை விமான நிலையத்தில் தொடங்க முடியாது. நம் பாஸ்கா மேடையிலும் மறையுரை மேடையிலும் தொடங்க வேண்டும்.

நடந்துகொள்ளும் முறை

இனி, செய்ய வேண்டியவை சில. அந்த நாளில் வேறெதையும் சேர்க்காதீர்கள். இரு முகாம்களையும் பார்க்க மூன்றரை மணி நேரமாவது வேண்டும். பிற்பகலில் உப்புச் சுரங்கத்தின் அழகை வியந்து நிற்க உள்ளம் கூசும். கூசாவிட்டால் காலையில் நாம் எதையும் பார்க்கவில்லை என்று பொருள். பதினான்கு வயதுக்குட்பட்டோரை அழைத்து வரவேண்டாம் என்று நினைவகமே கேட்டுக்கொள்கிறது. நுழைவுக்கு முன்பதிவு தேவை. எளிய, அடக்கமான உடையும் நடக்க ஏற்ற காலணியும் போதும். பிர்கெனாவின் பரப்பு மிகப் பெரிது, நிழலும் குறைவு.

மாண்டவரின் தலைமுடி வைக்கப்பட்டுள்ள அறையிலும் 11ஆம் கட்டடத்தின் நிலவறையிலும் படம் எடுக்கத் தடை உண்டு. தடையில்லாத இடத்திலும் நம் முகம் தெரியப் படம் எடுப்பது தகாது. தண்டவாளத்தின்மீது கைவிரித்து நடந்து படம் எடுத்துக்கொள்வோரைத் தவிர்க்கும்படி 2019இல் நினைவகம் வெளிப்படையாக வேண்டிக்கொள்ள நேர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் காலணிகள் ஏறத்தாழ 1,10,000. குவியலாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. அதில் ஒன்றை, குழந்தையின் ஒரு காலணியை, நின்று பாருங்கள். பெட்டிகளின்மீது உரியவர்கள் தங்கள் கையாலேயே எழுதிய பெயர்கள் உண்டு. திரும்பப் பெறுவோம் என்று நம்பி எழுதியவை. ஒரு பெயரையாவது வாசித்து, மனத்தில் கொண்டு வாருங்கள்.

திருத்தந்தையர் மூவர் அங்கு சென்றனர். 1979 ஜூன் 7ஆம் நாள் இரண்டாம் யோவான் பவுல் பிர்கெனாவில் திருப்பலி நிறைவேற்றி, அவ்விடத்தை நம் காலத்துக் கொல்கொத்தாவாகக் கண்டார். எபிரேய மொழிப் பலகையின்முன் சிறப்பாக நின்று மன்றாடினார். 2006 மே 28ஆம் நாள் பதினாறாம் பெனடிக்ட் ஜெர்மானிய மண்ணின் மகனாக அங்கு நின்று, இறைவன் ஏன் மௌனமாயிருந்தார் என்னும் கேள்வியை எழுப்பினார். 2016 ஜூலை 29ஆம் நாள் சென்ற பிரான்சிஸ் உரை எதுவும் ஆற்றவில்லை. கோல்பேயின் சிறையறை இருளில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். வருகையேட்டில், தம் மக்கள்மீது இரங்கி இத்துணைக் கொடுமையை மன்னிக்குமாறு இறைவனை வேண்டிச் சில சொற்களே எழுதினார். முதலாமவர் நம் சமயத்தின் சொல்லை அங்கு கொண்டு சென்றார். இரண்டாமவர் கேள்வியைக் கொண்டு சென்றார். மூன்றாமவர் இரண்டையும் வாயிலில் வைத்துவிட்டுச் சென்றார். மூன்றும் அன்பின் செயல்களே. பொதுநிலையினராகிய நீங்களும் பங்குத்தந்தையாகிய நாமும் பின்பற்றத்தக்கது மூன்றாவது என்பது நம் கருத்து.

அந்த மூதாட்டிக்கு நாம் கொடுத்த பதில் இதுதான். அங்கு எந்தப் பாடலும் வேண்டாம். நன்றி மன்றாட்டும் வேண்டாம். முந்திய இரவு விடுதியில் எல்லாரும் கூடி, திருப்பாடல் 88ஐ ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். மற்றத் துயரப் பாடல்கள் ஏதோ ஓரிடத்தில் புகழ்ச்சிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பும். இது திரும்புவதில்லை, இருளிலேயே முடிகிறது. அது இஸ்ரயேல் மக்களின் மன்றாட்டு. அவர்களிடமிருந்து நாம் பெற்றது. வாசித்தபின் முடிவில் நாம் வழக்கமாகச் சேர்க்கும் மூவொரு இறைவனின் புகழைச் சேர்க்காமல் அன்று மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின் பேனாவை எடுத்து, நோட்டில் காலியாக இருந்த இடத்தில் 88 என்னும் எண்ணை எழுதினார். “உப்புச் சுரங்கம் வேணாம்னு ஏஜெண்ட்கிட்ட சொல்லிடுறேன் சாமி” என்றார்.